ஒற்றன், பாவம், பரிகாரம்: தில்லியில் இருந்து உளவு நாவல் எழுதுவோருக்கு

தில்லியில் வேலை, ஆர்.கே.புரத்திலோ மயூர் விகாரிலோ வீடு, மனதில் ஓர் உளவு நாவல். வெறும் துரத்தல் கதை இல்லை. சாமி கும்பிடுகிற ஒருவன் பொய்யையே பிழைப்பாகக் கொண்ட வேலைக்குள் போய், செய்த துரோகத்தைச் சுமக்க முடியாமல் திணறும் கதை. இதை எழுத உட்காருகிறவர்கள் இரண்டு இடங்களில் நின்றுபோகிறார்கள். நாயகன் பக்கம் பக்கமாகக் குமுறுவான், கதை நகராது, அது ஒன்று. ஆவணக் காப்பகம், ஆர்டிஐ (தகவல் உரிமைச் சட்டம்), காப்புரிமை, சட்டப் பிரிவு என்று காகித வேலையிலேயே மாதங்கள் கரையும், அது இன்னொன்று. எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்று தெரிந்தால் இரண்டையும் தாண்டிவிடலாம்.

செலவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரசுக் கட்டணங்கள் எல்லாம் சேர்ந்து ஆயிரம் ரூபாயைத் தாண்டாது: காப்புரிமைப் பதிவு ரூ.500, ஆர்டிஐ மனு ஒன்றுக்கு ரூ.10, ஐஎஸ்பிஎன் (புத்தகத்தின் அடையாள எண்) இலவசம். பணம் போவது புத்தகங்களுக்கும், கைப்பிரதியை ஒரு வழக்கறிஞர் படித்துப் பார்ப்பதற்கும்தான். பெரிய செலவு காலம். அலுவலகம் போய்க்கொண்டே எழுதுகிறவர் ஆய்வுக்கு ஆறு மாதம், எழுத்துக்கு ஒரு வருடம், காகித வேலைக்கு நான்கைந்து மாதம் என்று வைத்துக்கொண்டால் நெருக்கடி இருக்காது.

1. மீறிய விதி எது என்று ஒரே தாளில் எழுதுங்கள்

"குற்றவுணர்வு" என்று பொத்தாம்பொதுவாகத் தொடங்காதீர்கள். ஐந்து கேள்விக்கு விடை எழுதுங்கள். அவன் எந்த மதத்தில், அதிலும் எந்தப் பிரிவில் வளர்ந்தவன்? அந்தப் பிரிவின் எந்த விதியை மீறினான்? தீங்கு யாருக்கு? அந்த ஆள் இன்னும் உயிரோடு இருக்கிறாரா? இந்தப் பாவத்திலிருந்து வெளியே வர அந்த மதம் என்ன வழி வைத்திருக்கிறது, அந்த வழியில் போனால் அவனுடைய ரகசியம் உடையுமா?

ஐந்தாவது கேள்விதான் நாவல். மன்னிப்புக்கு வழி இருக்கிறது, ஆனால் அதில் கால் வைத்தால் வேஷம் கலைந்துவிடும் என்ற முடிச்சு விழுந்தால் கதை தானாக ஓடும். வழியே இல்லை என்றால் அது வெறும் புலம்பல். வழி சுலபம் என்றால் மூன்றாம் அத்தியாயத்திலேயே முடிந்துவிடும்.

இந்தத் தாளை எழுதும்போது கூடவே திருக்குறளைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றாடல் அதிகாரம் 581 முதல் 590 வரை. வாய்மை 291 முதல் 300 வரை. தீங்கில்லாத நன்மை தருமானால் பொய்யும் வாய்மைக்குச் சமம் என்பது 292. நெஞ்சறிந்து பொய் சொன்னால் அந்த நெஞ்சே சுடும் என்பது 293. ஆளை அனுப்புகிற அதிகாரி 292-ஐச் சொல்லி அனுப்புவார். தூக்கம் வராத இரவில் 293 வரும். இரண்டும் அடுத்தடுத்த குறள்கள். இந்த இருபது குறளையும் உரையோடு படிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். ஆர்.கே.புரம் ஐந்தாம் செக்டரில் உள்ள தில்லித் தமிழ்ச் சங்க நூலகத்தில் உரைகளும் பெரியபுராணமும் தேடலாம்.

ஆங்கிலத்தில் இந்த வகையில் தவிர்க்க முடியாதவர் கிரஹாம் கிரீன். 1926-இல் கத்தோலிக்கரானவர், இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் உளவுத்துறைக்காக சியரா லியோனில் இருந்தவர். பழைய பிரதிகளுக்கு ஞாயிறு காலை ஆசஃப் அலி சாலை மகிளா ஹாட் போங்கள். தரியாகஞ்ச் நடைபாதையில் இருந்த பழைய புத்தகச் சந்தை 2019-இல் அங்கேதான் இடம் மாறியது. தில்லி கேட் மெட்ரோ பக்கம். பேரம் பேசத் தயங்காதீர்கள். அட்டை கிழிந்த பேப்பர்பேக்குக்குப் புதுப் புத்தக விலையில் பாதி கொடுத்தால் அது ஏமாற்று.

2. அந்த மதத்தின் பரிகார விதியைப் பிரிவு பிரிவாகப் படியுங்கள்

பெரும்பாலான கைப்பிரதிகள் தோற்பது இங்கேதான். சினிமாவில் பார்த்த பாவமன்னிப்புக் கூண்டை எல்லா மதத்துக்கும் மாட்டிவிடுகிறார்கள்.

கத்தோலிக்கப் பாத்திரம் என்றால், சிறுவயதில் ஞானோபதேச வகுப்பில் அவன் மனப்பாடம் செய்தது ஐந்து காரியம். செய்த பாவங்களை நினைத்துப் பார்ப்பது, மனஸ்தாபப்படுவது, இனிச் செய்வதில்லை என்று உறுதி எடுப்பது, குருவிடம் சொல்வது, அவர் கொடுக்கும் அபராதத்தைத் தீர்ப்பது. உளவாளி மாட்டுவது மூன்றாவதில். நாளைக் காலையிலும் அதே பொய்யைத் தொடரப் போகிறவன், இன்று மாலை "இனிச் செய்யமாட்டேன்" என்று எப்படிச் சொல்வான்? இந்த ஒரு கேள்வி இருபது பக்கக் குமுறலைவிட வலுவானது.

அடுத்தது, 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு. வத்திக்கான் தளத்தில் ஆங்கிலத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 959 முதல் 991 வரை படித்தால் போதும். கதைக்கு உதவுவது சில எண்கள் மட்டுமே. 983: கேட்ட பாவத்தைக் குரு எந்தக் காரணத்துக்காகவும் வெளியிடக் கூடாது. 984: வெளியில் சொல்லாவிட்டாலும், கேட்டதை வைத்துப் பாவிக்குத் தீங்காக எதையும் செய்யக் கூடாது. 976: சாகும் தறுவாயில் இருப்பவருக்கு எந்தக் குருவும், அதிகாரம் பறிக்கப்பட்டவரும்கூட, மன்னிப்புக் கொடுக்கலாம். 990: மொழிபெயர்ப்பாளர் வைத்துக்கொண்டும் பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவத்தைச் சொல்வது) செய்யலாம், அந்த மொழிபெயர்ப்பாளரும் ரகசியம் காக்க வேண்டும் என்று 983-இலேயே இருக்கிறது. தமிழ் மட்டும் தெரிந்த ஆள், தமிழ் தெரியாத குரு, நடுவில் ஒரு மூன்றாவது காது. தில்லிக் கதைக்கு இதைவிட நல்ல ஏற்பாடு வேண்டுமா?

தண்டனைப் பகுதியைப் பழைய பதிப்பில் படிக்காதீர்கள். அது திருத்தப்பட்டு 2021 டிசம்பர் 8 முதல் நடைமுறையில் இருக்கிறது. ரகசியத்தை நேரடியாக உடைத்த குரு, தீர்ப்புக்குக் காத்திராமல் அந்தச் செயலாலேயே திருச்சபைக்கு வெளியே போய்விடுகிறார். இப்போதைய எண் 1386. அதே எண்ணில், பாவசங்கீர்த்தனத்தைக் கருவி வைத்துப் பதிவு செய்கிறவருக்கும் தண்டனை உண்டு. கூண்டுக்குள் மைக் வைக்கும் காட்சி எழுத நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய வரி இது. இன்னொரு பொறி: "போலீசில் சரணடைந்தால்தான் மன்னிப்பு" என்று குரு சொல்வதாக எழுதுவது. அப்படி நிபந்தனை போட முடியாது என்று வத்திக்கான் 2019-இல் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது.

இதற்கு எதிர்ப்பக்கம் இந்தியச் சட்டம் நிற்கிறது. பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தில் கணவன் மனைவிக்குள் பேசியதற்குப் பாதுகாப்பு உண்டு (பிரிவு 128), வழக்கறிஞரிடம் சொன்னதற்கு உண்டு (பிரிவு 132). குருவிடம் சொன்னதற்கு அப்படி ஒரு பிரிவு இல்லை. ஆக, உங்கள் ஒற்றன் பெண்டாட்டியிடம் சொன்னால் சட்டம் காக்கும், சாமியாரிடம் சொன்னால் காக்காது. பாட்டியாலா ஹவுஸ் நீதிமன்றச் சாட்சிக் கூண்டில் ஒரு பங்குத்தந்தையை நிறுத்திப் பாருங்கள். ஒரு வரி வசனம் இல்லாமல் காட்சி எழுதிக்கொள்ளும்.

சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) பாத்திரத்துக்கு இதில் எதுவும் பொருந்தாது. அங்கே பாவ அறிக்கை பெரும்பாலும் ஆராதனையில் சபையோடு சேர்ந்து சொல்வது. அழைப்பு முறையும் வேறு: சிஎஸ்ஐ வீடுகளில் "ஆயர்" என்றால் உள்ளூர்ப் போதகர், கத்தோலிக்க வீடுகளில் மறைமாவட்டத் தலைவர். இதை மாற்றி எழுதினால் நாகர்கோவில் வாசகர் முதல் பக்கத்திலேயே புத்தகத்தை மூடிவிடுவார்.

முஸ்லிம் பாத்திரம் என்றால் முதலில் ஒன்றைக் கிழித்துப் போடுங்கள்: பள்ளிவாசலில் ஹஜ்ரத்திடம் (மதகுரு) பாவத்தைச் சொல்லி அழும் காட்சி. தவ்பா, அதாவது பாவத்திலிருந்து மனம் திரும்புவது, அடியானுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையில் நடப்பது. தான் செய்த பாவத்தை ஊருக்குச் சொல்லாமல் மறைப்பதையே மார்க்கம் விரும்புகிறது. ஆனால் அடுத்தவர் உரிமை பறிபோயிருந்தால், அல்லாஹ்விடம் அழுதால் மட்டும் போதாது; பறித்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் அல்லது அவரிடமே மன்னிப்புப் பெற வேண்டும். முகம் காட்டக் கூடாத உளவாளிக்கு இதுதான் சுவர். குர்ஆனில் மூன்று இடங்களைப் பாருங்கள். 5:89, சத்தியம் முறித்தால் பரிகாரம்: பத்து ஏழைகளுக்கு உணவு அல்லது உடை, அல்லது ஓர் அடிமையை விடுவித்தல், முடியாவிட்டால் மூன்று நாள் நோன்பு. 4:92, தவறுதலாகக் கொன்றால்: அடிமையை விடுவிப்பது, இறந்தவர் குடும்பத்துக்கு ஈட்டுத்தொகை, அதற்கு வழியில்லாதவருக்கு இரண்டு மாதம் தொடர் நோன்பு. 16:106, நெஞ்சில் ஈமான் (இறைநம்பிக்கை) இருக்க, வற்புறுத்தலால் வாய் மறுத்தால் அது மன்னிக்கப்படுவது. தவறான தகவல் கொடுத்து ஒருவர் சாவதற்குக் காரணமான ஆள், ரமலான் அல்லாத காலத்தில் அறுபது நாள் நோன்பு பிடித்தால் பக்கத்து மேசைக்காரன் கவனிக்க மாட்டானா? இது ஒன்றே ஒரு பகுதி முழுவதையும் தாங்கும். தமிழ் மொழிபெயர்ப்புகள் பல உண்டு. ஒன்றோடு நிறுத்தாமல், முடித்த பிறகு ஓர் ஆலிமிடம் (மார்க்க அறிஞர்) அந்தப் பக்கங்களை மட்டும் காட்டுங்கள்.

சைவக் குடும்பம் என்றால் திருவிடைமருதூர்க் கோயிலை மறக்காதீர்கள். அறியாமல் ஓர் அந்தணர் சாவுக்குக் காரணமான வரகுண பாண்டியனைப் பிரம்மஹத்தி (அந்தணரைக் கொன்ற பாவம்) துரத்தி வந்தது. அவன் கிழக்கு வாசலில் நுழைந்தான், அது வாசலிலேயே நின்றுவிட்டது, அவன் வேறு வாசல் வழியாக வெளியேறினான். இன்றும் அங்கே வந்த வாசலில் திரும்பக் கூடாது என்பது வழக்கம். பின்தொடர்பவனை உதறிவிட ஒற்றர்கள் செய்வதும் இதையேதான். ஆனால் தல வரலாற்றில் பிரம்மஹத்தி சாகவில்லை, காத்துக்கொண்டிருக்கிறது. அதைக் கதையில் விட்டுவிடாதீர்கள்.

3. வேஷம் எது என்று தீர்மானியுங்கள்

மத வேஷம் என்பது நமக்குப் புதிதல்ல. துறவிக் கோலத்தில் எங்கும் புகுந்து ஆராய்ந்து, பிடித்து என்ன செய்தாலும் வாய் திறக்காதவனே ஒற்றன் என்கிறது 586-ஆம் குறள். அர்த்தசாஸ்திரம் இன்னும் ஒரு படி மேலே போய்ச் செய்முறையே சொல்கிறது: தவசி வேடமிட்ட ஒற்றன், ஊரார் பார்க்க மாதத்துக்கோ இரண்டு மாதத்துக்கோ ஒருமுறை ஒரு பிடி கீரை தின்ன வேண்டும், மறைவில் விரும்பியதைச் சாப்பிட்டுக்கொள்ளலாம்.

தமிழில் இதற்கு மூலக்கதை மெய்ப்பொருள் நாயனார். முத்தநாதன் திருநீறும் சடையும் தரித்து, ஏட்டுக் கட்டுக்குள் கத்தி வைத்துக்கொண்டு, யாரிடமும் இல்லாத ஆகமம் உபதேசிப்பதாகச் சொல்லி உள்ளே போய்க் குத்துகிறான். சாகிற மன்னர், இவர் நம்மவர் என்று சொல்லித் தன் காவலன் தத்தனைக் கொண்டே அவனைப் பத்திரமாக ஊர் எல்லையில் விடச் சொல்கிறார். அதற்குப் பிறகு முத்தநாதன் என்ன ஆனான்? புராணத்துக்கு அது தேவைப்படவில்லை. நாவலாசிரியருக்கு அங்கேதான் முதல் பக்கம்.

நடைமுறை விதி ஒன்று. வேஷத்துக்காகத் தொடங்கிய வழிபாடு எந்த நாளில் உண்மையாகிறது, அல்லது உண்மையான பக்தி எந்த நாளில் வேஷமாகிறது என்று தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதி வாசகருக்குத் தெரிய வேண்டியதில்லை, உங்களுக்குத் தெரிய வேண்டும். பூசாரி, குரு, ஆலிம் எல்லோரையும் கதை வசதிக்காகக் கைக்கூலிகளாக்கிவிடாதீர்கள். உண்மையில் நடப்பது சிக்கலானது: 2007 ஜனவரியில் வார்சாவின் புதிய பேராயர் வீல்குஸ், கம்யூனிஸ்ட் காலத்து ரகசியப் போலீஸோடு இருந்த தொடர்பு வெளியானதால் பதவியேற்பு விழா நடக்க வேண்டிய நாளிலேயே விலகினார்.

4. இடங்களை நேரில் பாருங்கள், படம் எடுக்காதீர்கள்

நவம்பர் முதல் பிப்ரவரி வரை நடக்க ஏற்ற காலம். ஜனவரி மூன்றாம், நான்காம் வாரங்களை விட்டுவிடுங்கள். குடியரசு தின ஒத்திகையில் நடு தில்லியில் சாலைகளும் சில மெட்ரோ வாசல்களும் அடைபடும்.

கோல் டாக்கானா பக்கம் சேக்ரட் ஹார்ட் பேராலயமும் பங்களா சாஹிப் குருத்வாராவும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. குருத்வாராவில் செருப்பை ஒப்படைத்து, தலையை மூடி, கால் நனைத்து உள்ளே போனால் லங்கர் என்ற பொதுப் பந்தியில் யாரும் பெயர் கேட்காமல் சோறு போடுவார்கள். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேசாமலே ஒன்றைக் கைமாற்ற இதைவிட இயல்பான இடம் தில்லியில் இல்லை. ஆனால் தலையில் துணி இல்லாமல் உங்கள் பாத்திரம் உள்ளே ஓடுவதாக எழுதிவிடாதீர்கள், வாசலிலேயே நிறுத்துவார்கள். நிஜாமுதீன் தர்காவில் வியாழன் மாலை கவ்வாலிக் கூட்டம். அடக்க அறைக்குள் பெண்களுக்கு அனுமதி இல்லை. நாயகி பெண் என்றால் திட்டத்தையே இது மாற்றும். ஆர்.கே.புரம் ஏழாம் செக்டர் மலை மந்திரில் கிருத்திகையன்று தமிழ் முகங்கள் நிறைந்திருக்கும். மறைவதற்கும் அது வசதி, மாட்டிக்கொள்வதற்கும் அதுதான் வசதி. ஊரில் இருந்து யாராவது வந்து "நீங்க இன்னார் மகன்தானே?" என்பார்.

இந்த இடங்களில் எல்லாம் பார்த்ததை வீட்டுக்கு வந்து எழுதுங்கள். ராணுவக் குடியிருப்பு, விமானப்படைத் தளம் போன்றவற்றின் பக்கம் போய் நோட்டில் வரைபடம் போடுவது வேண்டவே வேண்டாம். அரசு ரகசியச் சட்டம் 1923 "தடைசெய்யப்பட்ட இடம்" என்பதை விரிவாக வரையறுக்கிறது. படம் வரைவதும் அதற்குள் வரும். "கதைக்காக" என்ற பதிலைக் காவல் நிலையத்தில் சொல்லி நிரூபிக்க ஒரு நாள் முழுக்கப் போகும்.

5. தேசிய ஆவணக் காப்பகம்

ஜன்பத்தில் இருக்கிறது, மத்திய செயலகம் மெட்ரோவில் இறங்கலாம். போவதற்கு முன் வீட்டிலிருந்தே அபிலேக் படல் என்ற அவர்களுடைய தளத்தில் இலவசமாகப் பதிவு செய்து தேடுங்கள். ஸ்கேன் ஆன கோப்புகளை அங்கேயே படிக்கலாம். பலருக்கு நேரில் போகும் தேவையே வராது.

நேரில் போகிறீர்கள் என்றால் அடையாளச் சான்றின் மூலமும் நகலும், இரண்டு புகைப்படம், எதைப் பற்றி ஆய்வு என்று விளக்கும் அரைப் பக்கக் கடிதம் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். பல்கலைக்கழகத்திலிருந்தோ பதிப்பகத்திலிருந்தோ ஓர் அறிமுகக் கடிதம் இருந்தால் கேள்விகள் குறையும். அந்தப் பகுதியில் கட்டுமான வேலைகள் நடப்பதால் ஆய்வறை எங்கே, எத்தனை மணி வரை என்று முதல் நாள் போன் செய்து கேட்டுக்கொண்டே கிளம்புங்கள். பென்சில் மட்டும் கொண்டுபோவது நல்லது.

கோப்புக் கேட்கும் சீட்டில் அமைச்சகம், கிளை, கோப்பு எண், ஆண்டு நான்கும் சரியாக இருக்க வேண்டும். ஒன்று பிசகினாலும் சீட்டு திரும்பும். சில சீட்டுகளில் "என்டி" என்று எழுதி வரும். அந்தக் கோப்பு அமைச்சகத்திலிருந்து காப்பகத்துக்கு இன்னும் வரவே இல்லை என்று அர்த்தம். காப்பகத்தாரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. பொதுப் பதிவேடுகள் சட்டம் 1993-இன்படி 25 ஆண்டு கடந்தவை காப்பகத்துக்கு வர வேண்டியவை என்றாலும், ரகசிய முத்திரை நீக்கப்படாதது அங்கே வராது. உளவுத்துறைக் கோப்பைத் தேடி ஏமாறுவதைவிட, வெளியுறவு, உள்துறைக் கோப்புகளின் ஓரங்களைப் படியுங்கள். யார் யாருக்கு எழுதினார், எத்தனை நாள் தாமதம், எந்த வார்த்தையில் மறுத்தார் என்பதெல்லாம் அங்கேதான் கிடைக்கும்.

உளவு என்றால் துப்பாக்கி என்று நினைப்பவர்கள் 1985 ஜனவரியில் தில்லியை உலுக்கிய கூமர் நாராயண் வழக்கைப் பற்றிப் பழைய பத்திரிகைகளில் தேடிப் படியுங்கள். உயர் அலுவலகங்களின் உதவியாளர்கள் கோப்புகளை வெளியே கொண்டுவந்து நகலெடுக்கக் கொடுத்தார்கள், அவ்வளவுதான் தொழில்நுட்பம். கீழ் நீதிமன்றத் தீர்ப்பு வர 2002 ஆனது. சுருக்கெழுத்து தெரிந்த தென்னிந்தியர்கள் நிறைந்திருந்த அந்தச் செயலக உலகத்தில் வெள்ளிக்கிழமை விரதம் இருந்துகொண்டே திங்கட்கிழமை கோப்பு எடுத்துக் கொடுத்த ஓர் ஆளைக் கற்பனை செய்வது கடினமா என்ன? அரசு ரகசியச் சட்ட வழக்கில் விசாரணையை மூடிய அறையில் நடத்தலாம், தண்டனையை மட்டும் பொது நீதிமன்றத்தில்தான் அறிவிக்க வேண்டும் (பிரிவு 14). நீதிமன்றக் காட்சி எழுதும்போது பார்வையாளர் வரிசையை நிரப்பிவிடாதீர்கள்.

6. ஆர்டிஐ: எதைக் கேட்கலாம், எது வீண்

மத்திய அரசுக்கான ஆன்லைன் தளத்தில் ரூ.10 கட்டி மனுப் போடலாம். 500 சொல்லுக்குள் இருக்கட்டும். பதிலுக்கு 30 நாள். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்குக் கட்டணம் இல்லை. நகல் பக்கத்துக்கு ரூ.2. நேரில் பார்வையிட முதல் மணி நேரம் இலவசம், பிறகு ஒவ்வொரு மணிக்கும் ரூ.5.

உளவு அமைப்புகளான ராவுக்கும் ஐபிக்கும் மனுப் போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். பிரிவு 24 அவற்றை விலக்கி வைத்திருக்கிறது. ஊழல், மனித உரிமை மீறல் குற்றச்சாட்டுகள் மட்டுமே விதிவிலக்கு. 20 ஆண்டு கடந்தால் எல்லாம் கிடைக்கும் என்று சிலர் சொல்வார்கள். அது பாதி உண்மை. நாட்டின் பாதுகாப்பு என்ற காரணம் 20 ஆண்டுக்குப் பிறகும் செல்லும். பயன் தரும் கேள்வி வேறு: "இந்த அமைச்சகம் இன்ன ஆண்டுக் கோப்புகளில் எவற்றை ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பியது, பட்டியல் தருக." இதற்குப் பதில் வர வாய்ப்பு அதிகம், அந்தப் பட்டியல் கையில் இருந்தால் காப்பகத்தில் சீட்டு திரும்பாது.

7. ஓய்வு பெற்றவர்களிடம் பேசுவது

சுருக்கமாகச் சொல்கிறேன். உளவு, பாதுகாப்பு அமைப்புகளில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் தங்கள் துறை தொடர்பாக முன் அனுமதியின்றி எதையும் வெளியிடக் கூடாது என்று ஓய்வூதிய விதிகள் 2021 மே மாதத்தில் இறுக்கப்பட்டன. மீறினால் அவருடைய ஓய்வூதியம் பாதிக்கப்படலாம். ஆகவே நடவடிக்கை, பெயர், இடம் எதையும் கேட்காதீர்கள். வீட்டில் என்ன சொல்லிவிட்டுக் கிளம்புவீர்கள், பிள்ளை பள்ளி விண்ணப்பத்தில் அப்பா வேலை என்று என்ன எழுதினீர்கள், கோயிலில் அர்ச்சனைக்கு எந்தப் பெயர் சொன்னீர்கள் என்று கேளுங்கள். நாவலுக்கு வேண்டியது அதுதான். ஒலிப்பதிவு வேண்டாம். நன்றியுரையில் அவர் பெயரும் வேண்டாம்.

8. கைப்பிரதியைச் சட்டக் கண்ணால் ஒருமுறை

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா. பழைய 295ஏ இப்போது 299: வேண்டுமென்றே, தீய நோக்கத்தோடு மத உணர்வைப் புண்படுத்துவது, மூன்று ஆண்டு வரை. பிரிவினரிடையே பகை வளர்ப்பது பற்றிய பழைய 153ஏ இப்போது 196. அவதூறு 356. இணையத்தில் கிடைக்கும் பழைய கட்டுரைகள் எல்லாம் பழைய எண்ணிலேயே இருப்பதால் குழம்பாதீர்கள்.

299-இல் முக்கியம் நோக்கம். சடங்கை எங்கிருந்து தெரிந்துகொண்டீர்கள், யாரிடம் காட்டிச் சரிபார்த்தீர்கள் என்ற குறிப்புகளைத் தேதியோடு வைத்திருங்கள். பின்னால் யாராவது கேட்டால் பேசப்போவது அவைதான். "இக்கதையில் வரும் யாவும் கற்பனையே" என்ற வரி தேவைதான், ஆனால் அது கவசம் இல்லை. உண்மையான ஒரு பள்ளிவாசலையோ ஆலயத்தையோ பெயர் சொல்லி அங்கே துரோகம் நடப்பதாக எழுதாதீர்கள். வெளிப்புறம் உண்மையாக இருக்கட்டும், உள்ளே நடப்பதற்குக் கற்பனை ஆலயம் ஒன்றைக் கட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மதப் பகுதியையும் அந்த மதத்தை நடைமுறையில் கடைப்பிடிக்கும் இருவர் படிக்கட்டும். ஒருவர் வயதானவர், ஒருவர் இளையவர். படிக்க ஒரு மாதம் கொடுங்கள், அவசரப்படுத்தினால் "நல்லா இருக்கு" என்று மட்டும் பதில் வரும்.

மத்திய அரசு ஊழியர்கள் 1964-ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் 8-ஆம் விதியைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள். கருத்துகள் தமக்கே உரியவை, அரசுக்கு உரியவை அல்ல என்பது புத்தகத்தில் தெளிவாக இருக்க வேண்டும். பாதுகாப்பு, உள்துறை போன்ற இடங்களில் இருப்பவர்கள், உளவு நாவல் என்பதை மேலதிகாரிக்கு எழுத்திலேயே தெரிவித்துவிடுவதுதான் நிம்மதி.

9. காப்புரிமையும் ஒப்பந்தமும்

பதிவு கட்டாயம் இல்லை. எழுதி முடித்த கணமே உரிமை உங்களுடையது, வாழ்நாளுக்கும் அதன்பின் 60 ஆண்டுக்கும். ஆனால் கைப்பிரதியைப் பல பேரிடம் படிக்கக் கொடுப்பதாக இருந்தால் ரூ.500 செலவழித்துப் பதிவு செய்யுங்கள். காப்புரிமை அலுவலகம் துவாரகாவில்தான் இருக்கிறது என்றாலும் வேலை முழுக்க ஆன்லைனில். படிவம் 14, வெளிவராத நூல் என்று குறியுங்கள், பிரதியைப் பிடிஎஃப் ஆக ஏற்றுங்கள். டைரி எண் வந்ததும், எதிர்ப்பு ஏதும் வருகிறதா என்று 30 நாள் கட்டாயக் காத்திருப்பு. பிறகு பரிசோதனை. குறை சுட்டிக் கடிதம் வந்தால் கெடுவுக்குள் பதில் சொல்லுங்கள், இல்லாவிட்டால் விண்ணப்பம் செத்துவிடும். குறை பெரும்பாலும் பெயரில் வரும்: ஆதாரில் ஒரு முதலெழுத்து, விண்ணப்பத்தில் விரித்த பெயர், கைப்பிரதியில் புனைபெயர். மூன்றையும் முதலிலேயே இணைத்து எழுதுங்கள். தலைப்புக்கும் கதைக்கருவுக்கும் காப்புரிமை கிடையாது. புத்தகம் வெளிவந்த பிறகு படிவம் 15 வழியாக விவரத்தைப் புதுப்பிக்கலாம்.

பதிப்பாளர் ஒப்பந்தத்தில் காலம், நிலப்பரப்பு இரண்டையும் கேட்டு எழுத வையுங்கள். காலம் எழுதாவிட்டால் சட்டம் ஐந்து ஆண்டு என்று எடுத்துக்கொள்ளும், நிலப்பரப்பு எழுதாவிட்டால் இந்தியா மட்டும். சினிமா, வலைத்தொடர், ஒலிப்புத்தக உரிமைகளைத் தனித்தனியாகப் பெயர் சொல்லி உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். உளவுக் கதைக்கு முதலில் வரும் தொலைபேசி அழைப்பு அதற்காகத்தான் இருக்கும்.

10. நீங்களே வெளியிடுகிறீர்கள் என்றால்

ஐஎஸ்பிஎன் தருவது ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை. கட்டணம் இல்லை, "வாங்கித் தருகிறேன்" என்று பணம் கேட்பவரை நம்பாதீர்கள். அடையாள, முகவரிச் சான்றுகளையும் தலைப்புப் பக்கத்தையும் அவர்கள் கேட்கும் அளவில் ஏற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். எண் கைக்கு வராமல் அட்டையை அச்சுக்கு அனுப்பாதீர்கள், பட்டைக்கோடு ஒட்டிய புத்தகம் பார்க்கச் சகிக்காது. அச்சுப் புத்தகத்துக்கும் மின்னூலுக்கும் தனித்தனி எண்.

புத்தகம் வெளியான 30 நாளுக்குள் புத்தக ஒப்படைப்புச் சட்டம் 1954-இன்படி நான்கு நூலகங்களுக்குச் சொந்தச் செலவில் ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும்: கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை மத்திய நூலகம், தில்லி பொது நூலகம். சொந்தமாக வெளியிடுபவரும் சட்டத்தின் கண்ணில் பதிப்பாளர்தான். தில்லிப் பிரதியை நேரில் கொடுத்து ஒப்புகை வாங்கிவிடலாம். மற்ற மூன்றையும் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதுகளைக் காப்புரிமைச் சான்றிதழ் இருக்கும் அதே ஃபைலில் போட்டு வையுங்கள்.